முதலாளி பேசாவிட்டால் வதந்தி பேசும்
செஞ்சி முற்றுகை வணிகர்களுக்குச் சொல்லும் பாடம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சரக்கு லாரி செஞ்சிக் கோட்டை மதிலைக் கடந்துதான் போகிறது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய கோட்டை அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்று நம் செஞ்சி.

செஞ்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜன் கதை. அவன் காலத்துக்கு முன்பே, 1690 முதல் 1698 வரை, இதே கோட்டையைச் சுற்றி ஒரு நீண்ட முற்றுகை நடந்தது. அந்த முற்றுகையின் நடுவில் நடந்த ஒரு சம்பவத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். வணிகர்களுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். படித்து முடித்தபின், "இது நம் கடையில் நடந்த கதை மாதிரி இருக்கிறதே" என்று நம்மில் சிலருக்காவது தோன்றும்.

கோட்டைக்கு வெளியே நடந்தது

1689-ல் மராட்டிய மன்னர் சம்பாஜியை மொகலாயர்கள் பிடித்துக் கொன்றார்கள். அவருடைய தம்பி இராஜாராம் தப்பித்துத் தெற்கே வந்து செஞ்சியில் தங்கி அரசை நடத்தினார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் பெரும் படையை அனுப்பினார். 1690-ல் தளபதி ஜுல்பிகர் கான் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவருடைய தகப்பனாரும் பேரரசின் தலைமை அமைச்சருமான ஆசாத் கான் வந்தார். சக்கரவர்த்தியின் கடைசி மகன் காம் பக்ஷும் உடன் வந்தார்.

நம் கணக்கில் சொன்னால், முதலாளி பல நூறு மைலுக்கு அப்பால் தலைமைக் கடையில் இருக்கிறார். கிளைக் கடையில் மூன்று பேர்: முதலாளியின் இளைய மகன், பல வருஷமாக இருக்கும் தலைமைக் கணக்குப்பிள்ளை, கணக்குப்பிள்ளையின் மகனான மேனேஜர். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது யாருக்கும் தெளிவில்லை. இப்படிப்பட்ட கடையில் எல்லாம் நன்றாக நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு நெருக்கடி வரும்போதுதான் விரிசல் வெளியே தெரியும்.

1692-ன் கடைசியில் நெருக்கடி வந்தது. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் பெரிய குதிரைப்படையுடன் வந்து மொகலாயப் பாசறையைச் சுற்றி வளைத்தார்கள். தானியம் வரும் வழி அடைபட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம், கடிதம் வரும் வழியும் அடைபட்டதுதான். சக்கரவர்த்தியிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

சேதி நின்ற இடத்தில் வதந்தி முளைத்தது. சக்கரவர்த்தி இறந்துவிட்டார், மூத்த மகன் பட்டத்துக்கு வந்துவிட்டார் என்று பாசறையில் பேச்சு பரவியது. மொகலாய வழக்கத்தில் புது அரசர் வந்தால் உடன்பிறந்தவர்களின் தலை தப்புவது அரிது. இளவரசர் காம் பக்ஷ் பயந்துபோனார். கோட்டைக்குள் இருந்த இராஜாராமுடன் இரகசியமாகப் பேச்சு நடத்தத் தொடங்கினார். அமைச்சரையும் தளபதியையும் பிடித்து வைத்துவிடலாம் என்றும் அவருடைய ஆட்கள் யோசனை சொன்னார்கள். இது ஒற்றர்கள் மூலம் அமைச்சருக்கும் தளபதிக்கும் எட்டியது. அவர்களும் இளவரசரிடம் நேரில் உட்கார்ந்து பேசவில்லை. முந்திக்கொண்டு அவரையே கைது செய்தார்கள்.

அந்தக் குழப்பத்தில் முற்றுகை வரிசையில் நின்ற படையைப் பின்னுக்கு இழுத்தார்கள். பெரிய பீரங்கிகளை எடுத்துப் போக முடியாமல், எதிரிக்குப் பயன்படாதபடி ஆணி அடித்துவிட்டு வந்தார்கள். பாசறையில் பசி வாட்டியது. 1693-ன் தொடக்கத்தில் படை வந்தவாசிக்குத் திரும்பிப் போனது. அதன்பின் முற்றுகையை மறுபடி தொடங்கிக் கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது. அதற்குள் இராஜாராமும் தப்பிப் போய்விட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஔரங்கசீப் அப்போது இறக்கவேயில்லை. அவர் இறந்தது 1707-ல். இல்லாத ஒரு சாவுச் சேதியை நம்பி, ஒரே பாசறையில் இருந்த மூன்று பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகத்துக்கு விலை சில வருஷங்கள்.

கடைத்தெருவில் நடந்தது

நாம் அறிந்த ஒரு மொத்த மளிகைக் கடை. ஊரும் பெயரும் வேண்டாம். முதலாளிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஒருநாள் இரவு நெஞ்சுவலி வந்து சென்னைக்குக் கொண்டுபோனார்கள். "கடையில் யாருக்கும் சொல்லாதே, கொடுக்கல் வாங்கல் கெட்டுவிடும்" என்று வீட்டில் முடிவு செய்தார்கள். மகன் காலையில் கடையைத் திறந்து, "அப்பா வெளியூர் போயிருக்கிறார்" என்றார். எந்த ஊர், எப்போது வருவார் என்று கேட்டவர்களுக்கு மழுப்பலான பதில்.

மூன்றாம் நாள் டீக்கடையில் பேச்சு தொடங்கியது. முதலாளி கடன் தொல்லை தாங்காமல் தலைமறைவாகிவிட்டார் என்றார் ஒருவர். கடையை விற்கப்போகிறார்கள் என்றார் இன்னொருவர். ஊர் வாயை மூட உலைமூடி கிடைக்குமா? ஐந்தாம் நாள், பருப்பு அனுப்பும் வெளியூர் மண்டிக்காரர் பழைய பாக்கியைக் கட்டினால்தான் அடுத்த லோடு என்று சொல்லிவிட்டார். கடைக் கணக்குப்பிள்ளை, மகன் ஏதோ மறைக்கிறார் என்று எண்ணித் தன் பங்குக்கு ஒரு நோட்டில் தனியாகக் குறித்து வைக்கத் தொடங்கினார். அதைப் பார்த்த மகன், கணக்குப்பிள்ளை பணத்தில் கை வைக்கிறாரோ என்று சந்தேகப்பட்டார். கிடங்கைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்ட ஆள், கடை மூடினால் தன் பிழைப்பு என்னாவது என்று பயந்து பக்கத்து ஊர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் முதலாளி நலமாகத் திரும்பி வந்தார். இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். கடைக்குள் ஏற்பட்ட அடைப்பை எடுக்க ஆறு மாதம் ஆயிற்று. கிடங்கு ஆளை அவர் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டார். அந்த மனிதர் கண்கலங்கிக் கேட்டது ஒன்றுதான்:

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பனா முதலாளி?"

இந்தக் கேள்விக்கு முதலாளியிடம் பதில் இல்லை. நம்மில் எத்தனை பேரிடம் இருக்கும்?

எதைச் சொல்வது, எதைக் காப்பது

"எல்லாவற்றையும் சிப்பந்திகளிடம் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடாதா?" என்று வணிக நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கொள்முதல் விலை, வங்கிக் கடன், குடும்பப் பாகப்பிரிவினை போன்றவற்றைக் கல்லாவோடு வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. அதில் தவறில்லை.

ஆனால் ஒரு சேதி ஒருவருடைய சம்பளத்தையோ வேலை நேரத்தையோ பிழைப்பையோ தொடுமானால், அதை அவர் நம் வாயால்தான் கேட்க வேண்டும். ஊர் வாயால் கேட்கக்கூடாது. மேற்சொன்ன கடையில் மகன் காலையில் ஐந்து பேரையும் கூப்பிட்டு, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சென்னையில் வைத்தியம் நடக்கிறது, பத்து நாளில் வந்துவிடுவார், அதுவரை கல்லாவை நான் பார்க்கிறேன், சம்பளம் வழக்கம்போல் வரும்" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பருப்பு மண்டிக்காரரிடமும் அதையே போனில் சொல்லியிருக்கலாம். கெட்ட சேதியை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஒன்றுமே தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டார்கள்.

கடல் கடந்த கடைகளில் இருந்த ஏற்பாடு

பக்கத்து அறையில் இருப்பவருக்கே சேதி சொல்ல மறக்கிறோம். கடல் கடந்து கடை நடத்திய நம் முன்னோர் எப்படிச் சமாளித்தார்கள்? நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் லேவாதேவிக் கடைகள் வைத்திருந்தார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும். கடிதம் கப்பலில்தான் போக வேண்டும்.

அங்கே கடையை நடத்தும் ஏஜெண்டு பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போவார். அவருக்கு என்ன சம்பளம், என்ன பொறுப்பு என்பதைப் புறப்படும் முன்பே சம்பளச் சீட்டில் எழுதிவிடுவார்கள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆட்கள் இருந்தார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து எடுபிடி வேலையோடு கணக்கும் கற்றுக்கொண்டவர் பின்னாளில் ஏஜெண்டாக உயர்வது உண்டு. கடைக் கணக்கும் ஐந்தொகையும் ஊருக்கு வந்து சேரும். தவணை முடிந்ததும் பழைய ஏஜெண்டு புதியவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ரங்கூன் நகரத்தார்கள் மாதந்தோறும் முருகன் கோயிலில் கூடி அந்த மாதத்து நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே சேதி. அதில் வதந்திக்கு இடம் குறைவு.

அவர்கள் கையில் போன் இல்லை. இருந்தது ஒழுங்கு. யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், எதை எழுத்தில் வைக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. இன்று நம் சட்டைப்பையில் போன் இருக்கிறது, கடைக்கென்று வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. அதில் காலை வணக்கமும் கல்யாணப் படமும் வருகின்றன. வர வேண்டிய சேதி வருகிறதா என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழிருந்து மேலே வரும் பேச்சு

இதுவரை முதலாளி சொல்வதைப் பற்றிப் பேசினோம். அவர் கேட்பதும் அதே அளவு முக்கியம். சிப்பந்தி நம்மிடம் வந்து ஒரு குறையைச் சொல்லத் தயங்கினால், அந்தக் குறை வேறு வழியில் வெளியே வரும்.

இதற்குப் பெரிய உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் ஊழியர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார முடியாது. கால் வீங்கியது, நரம்பு புடைத்தது. பெரும்பாலான கடைகளில் இதை முதலாளியிடம் சொல்லத் துணிவில்லை. சொன்ன இடத்திலும் காதில் ஏறவில்லை. கேரளத்தில் பெண் ஊழியர்கள் போராடி, 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது.

ஒரு ஸ்டூல் போடும் விஷயம் சட்டமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. "கால் வலிக்கிறதா, அப்படி உட்காரப்பா" என்று கடைக்குள்ளேயே சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

இது சிப்பந்தியின் நலத்துக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். எந்த மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறது, எந்த வாடிக்கையாளர் இரண்டு வாரமாக வரவில்லை, எந்தச் சரக்கைக் கேட்டு இல்லையென்று திரும்பிப் போகிறார்கள் என்பதெல்லாம் முதலில் தெரிவது தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் பையனுக்குத்தான். அவன் வாய் திறந்தால் திட்டு விழும் என்று பயந்தால், நமக்கு அந்தச் சேதி நட்டமாகத்தான் வந்து சேரும்.

நம் கடையில் நாளை முதல்

பெரிய கம்பெனிகள் இதற்கென்று தனி அதிகாரி வைத்திருக்கின்றன. நமக்கு அது வேண்டியதில்லை. சில எளிய பழக்கங்கள் போதும்.

முதலாவது, காலையில் ஐந்து நிமிடம். கடை திறந்து சாம்பிராணி போட்டதும், கூட்டம் வருமுன், எல்லோரும் நின்றபடியே பேசிக்கொள்ளலாம். இன்று என்ன லோடு வருகிறது, எந்த விலை மாறியிருக்கிறது, யார் லீவு, என்ன தீர்ந்துபோயிற்று. மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூட்டம் வரும் நாளிலும், விற்பனைக்கூடத்தில் நெல் வரத்து அதிகமாக இருக்கும் நாளிலும் இந்த ஐந்து நிமிடம் மிகவும் உதவும்.

இரண்டாவது, விலை மாற்றத்தை எழுதி ஒட்டுவது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி விகிதங்கள் மாறின. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றுக்கு 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5 ஆயிற்று. கல்லாவில் இருப்பவருக்குப் புது விலை தெரிந்து, சரக்கு எடுத்துக் கொடுக்கும் பையனுக்குத் தெரியாவிட்டால், "உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலையா?" என்று வாடிக்கையாளர் கேட்பார். தவறு பையனுடையது அல்ல. கல்லாப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து அன்றைய மாற்றத்தை எழுதினால் தீர்ந்தது.

மூன்றாவது, ஒரு வேலைக்கு ஒருவரே கட்டளையிடுவது. அப்பா ஒன்று சொல்லி, மகன் வேறொன்று சொல்லி, மருமகன் மூன்றாவதாகச் சொன்னால் பையன் யார் பேச்சைக் கேட்பான்? கொள்முதல் யார், கல்லா யார், கிடங்கு யார் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டு, அதைச் சிப்பந்திகளுக்கும் சொல்லிவிட வேண்டும். செஞ்சிப் பாசறையில் இல்லாமல் போனது இந்தத் தெளிவுதான்.

நான்காவது, வாய்ச்சொல்லைத் திருப்பிச் சொல்லச் செய்வது. "பத்து மூட்டை பொன்னி, அஞ்சு மூட்டை இட்லி அரிசி" என்று போனில் சொன்னதை, எதிர்முனையில் இருப்பவர் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். பிறகு துண்டுச் சீட்டிலோ போனிலோ எழுதிவிட வேண்டும். மாறி வந்த லோடைத் திருப்பி அனுப்பும் லாரி வாடகையைக் கணக்குப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

ஐந்தாவது, திட்டுவதாக இருந்தால் தனியே, பாராட்டுவதாக இருந்தால் நாலு பேர் முன். வாடிக்கையாளர் எதிரில் அவமானப்பட்டவன் மறுபடி ஒரு குறையை நம்மிடம் சொல்ல மாட்டான். பிறகு வண்டு விழுந்த மூட்டை தானாக நாறும்வரை நமக்குத் தெரியாது.

ஆறாவது, நாம் இல்லாத நாளுக்கு இன்றே ஏற்பாடு. திடீரென்று படுத்துவிட்டால் கல்லாச் சாவி யாரிடம், மண்டிக்காரர்களுக்கு யார் போன் செய்வது, சிப்பந்திகளுக்கு யார் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டிலும் கடையிலும் ஒவ்வொரு பிரதி வைக்கலாம். அபசகுனம் என்று நினைக்க வேண்டாம். கடைக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பதை நாம் அபசகுனமாகவா நினைக்கிறோம்?

மேலே சொன்ன மொத்தக் கடையில் இப்போது அந்தத் தாள் கல்லாவுக்குப் பின்னால், லட்சுமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. அதில் மூன்றாவது பெயர் கிடங்கு ஆளுடையது. அவர் திரும்பி வந்துவிட்டார். முதலாளி மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனால்கூட, "வந்துடறேன் பா, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குகிறார்.